ஒற்று மிகும் இடம்

பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய்.
அடிக்குறிப்பு இருந்தால் முப்பது.
அட்டவணைக்குப் பேசிக்கொள்ளலாம்.

நாகமலைப் புதுக்கோட்டையில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
பல்கலைக்கழகத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி
பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு
படியேறி வருவார்கள்.

முத்திருளாயி வந்தது ஆனிக் கடைசியில்.
ஜெய்ஹிந்த்புரத்தில்
அப்பளம் தேய்க்கும் பெண்களின் கூலி பற்றி
நான்கு இயல்,
இருநூற்றுப் பதினாறு பக்கம்.
"கைடு படிச்சாரா?"
"கையெழுத்துப் போட்டுட்டாரு."
இரண்டும் வேறுவேறு என்று
எங்கள் இருவருக்குமே தெரியும்.

சிவப்பு மையில் ஆரம்பித்தேன்.
கூலிக்கும் பிரச்சினைக்கும் நடுவில் ஒரு ப்.
வட்டிக்கும் கணக்குக்கும் நடுவில் ஒரு க்.
கடனுக்குப் பின்னால் எதுவும் மிகாது,
அங்கே சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

உழைப்பை எழுபது இடங்களில்
உளைப்பு என்று அடித்திருந்தாள்.
அறுபத்தொன்பதைத் திருத்தினேன்.
ஒன்றில் மட்டும் பேனா நின்றது:
தோள்பட்டை பற்றிய பத்தி அது.

மூன்றாம் இயலில்
முப்பத்திரண்டு பெண்கள்
ஒருவர் பின் ஒருவராக
ஒரே வரியைச் சொல்கிறார்கள்:
"வட்டி கட்டி முடிஞ்சதும் நிறுத்திருவேன்."
கூறியது கூறல் குற்றம் என்றேன்.
ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடலாம்,
எட்டுப் பக்கம் குறையும்.
"எடுத்தா ஒருத்திதான் சொன்ன மாதிரி ஆயிரும்க்கா."
அடித்த கோடுகளை
முப்பத்தொரு தடவை அழித்தேன்.

ஐந்தாம் இயல் இல்லை.
"முடிவுரைய நீங்களே எழுதிருங்க.
ரெட்டிப்பாத் தாரேன்."
ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுகளை வைத்தாள்.
உளுந்து மாவு வாசம்.
அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தேன்.
முப்பத்திரண்டில் ஒன்று
யாருடைய வரி என்று கேட்கவில்லை.

ஒரு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில்
அவர் இப்போது உதவிப் பேராசிரியர்.
எதிரில் பார்த்துவிட்டால்
அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொள்வார்.
அந்தப் பணத்தில் வாங்கிய இன்வெர்ட்டர்
இதோ மூலையில் இருக்கிறது,
கரண்ட் போனால்
அதுவும் அவரும் முனகுவதுபோல இருக்கும்.

மாட்டேன் என்று வாயால் சொல்லவில்லை.
நோட்டுகளை அவள் பக்கம் தள்ளினேன்.
"அட்டவணைய மூடி வை.
இத்தனை பேர்கிட்ட உக்காந்து கேட்டியே,
உனக்கு என்ன தோணுச்சு?"
முதலில் கைடு மாதிரி பேசினாள்.
பிறகு கம்பெனிக்காரர் மாதிரி.
டீ வந்து ஆடை கட்டிய பிறகுதான்
அவள் மாதிரி.
எடை போடும்போது ஈரம் என்று கழிப்பதை,
கழித்த ஈரம் யார் வீட்டுக்குப் போகிறது என்பதை.
நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.
பெரியார் நிலையத்துக்குக் கடைசி பஸ்
ஹாரன் அடித்ததும்தான் எழுந்தாள்.

எல்லாம் அவள் சொன்னதுதான்.
ஆனால் 'ஆகவே' இரண்டு இடத்தில்
நானாகப் போட்டது.
அன்றிரவு வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எடுத்தால் பத்தி சரிகிறது.
விட்டால் நான் நிற்கிறேன்.
விட்டுவிட்டேன்.
அந்தப் பக்கங்களுக்குப் பணம் வாங்கவில்லை;
அது நேர்மையா
கைகழுவலா என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மறு பங்குனியில் வாய்மொழித் தேர்வு முடிந்து
கறுப்புக் காலிகோ அட்டையில்
தங்க எழுத்துப் போட்ட ஒரு பிரதியோடு வந்தாள்.
நன்றியுரை,
என் கைக்கு வராமல் அச்சுக்குப் போன ஒரே பக்கம்.
கைடு, துறைத் தலைவர், நூலகர்,
லீவு கொடுத்த மேஸ்திரி,
கடைசி வரியில்
'அலகுமீனாள் அக்காவுக்கு.'

அழகுமீனாள் நான்.
முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்,
பிடித்திருக்கிறதா என்று.
சிவப்புப் பேனா
மூடி இல்லாமல் மேசையில் கிடந்தது.
"ஒரு தப்பும் இல்ல" என்றேன்.